டீக்கார அண்ணாவுக்கும் மற்றவர்களுக்கும்

சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக்காரர்கள் எழுதும் நன்றி இது. தறிச் சத்தத்தில் எங்கள் காது மந்தமானது ஊருக்கே தெரியும். செவிப் பரிசோதனைத் தாளில் 4000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சொலியில் விழுந்திருந்த பள்ளத்தை, சத்தம் காதைக் கெடுத்ததன் அடையாளத்தை, எல்லோரும் பார்த்தாகிவிட்டது. மறுபடி கிளற வேண்டாம்.

முதல் நன்றி டீக்கார அண்ணாவுக்கு. தறிகளுக்கு நடுவே தூக்குவாளியோடு வந்துகொண்டிருந்தவர், யாரும் கேட்காமலே வேப்பமரத்தடியில் பெஞ்சைப் போட்டு, "இனி டீ இங்கதான்" என்றார். சின்ன விஷயம்தான். ஆனால் 25 டெசிபல் சத்தத்தைத் தடுக்கும் நுரைக் காதடைப்பானை 8 மணி நேரத்தில் 15 நிமிடம் மட்டும் தறிச் சத்தத்துக்குள் கழற்றினால், அன்றைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு சுமார் 15 டெசிபல்தான். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாவதால், அந்தக் கால்மணி நேரம் மீதி நாளையே விழுங்கிவிடும். எல்லோரும் கழற்றுவது டீக்கும் பேச்சுக்கும்தான். இரண்டையும் அண்ணா வெளியே கொண்டுபோய்விட்டார்.

பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர், சோப்பு. எண்ணெயும் பஞ்சுத்தூசியும் ஒட்டிய விரலால் அடைப்பானை உருட்டினால் காதில் புண் வரும். புண் வந்தவர் அப்புறம் போடவே மாட்டார். கை கழுவி, மெல்லிசாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேல்நோக்கியும் பின்நோக்கியும் இழுத்துச் செருக வேண்டும். 30 எண்ணும்வரை விரலை எடுக்கக் கூடாது. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது வெறும் கம்மல்.

நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கர்களில் தேய்ந்தவற்றை மாற்றி, பல்சக்கரங்களுக்குக் கிரீஸ் வைத்து, தறிக் காலடியில் ரப்பர் போட்ட ஃபிட்டருக்கும், திங்கள் விடியலில் தறி ஓடுமுன்பே வந்து செவி சோதித்தவர்களுக்கும் நன்றி. சத்தத்தில் நின்ற காது கொஞ்ச நேரம் மந்தமாகிச் சோதனையைக் கெடுக்கும். சோதனைக்கு முன் 14 மணி நேர அமைதி வேண்டும். இரண்டு அளவில் அடைப்பான் வாங்கித் தந்த முதலாளிக்கும் நன்றி. 100 டெசிபலில் 2 மணி நேரத்துக்கு மேல் வெறுங்காதோடு நிற்க விதியே இடம் தராது, அதனால் அது அவர் கடமையும்தான். இருந்தாலும் நன்றி.

இனி எங்கள் பங்கு. கூடத்துக்குள் கழற்ற மாட்டோம். புதிதாக வருபவர் தறியில் நிற்கும் முன்பே செவி சோதனை நடந்ததா என்று கேட்போம்.

அண்ணா, அந்தச் சோப்புக்கு இனி நீங்கள் காசு போடாதீர்கள். அது எங்கள் கணக்கு.