ஸ்க்ரீன் துணி எடுக்க வர்றதுக்கு முன்னாடி

வணக்கங்க. கரூர்ல ஸ்க்ரீன் துணி, சோபா துணி விக்கற கடை வச்சிருக்கோம், வர்றவங்க முக்காவாசிப் பேரு போன்ல ஒரு போட்டோவ காட்டி இதே கலர் இருக்கான்னுதான் கேக்கறாங்க. கலர் அப்புறம் பாத்துக்கலாங்க, மொதல்ல அந்தத் துணி எங்க தொங்கப் போகுது, வெயில் எந்தப் பக்கம் அடிக்குது, வீட்ல சின்னப் பசங்க இருக்காங்களான்னு சொல்லுங்க. அத வச்சுதான் என்ன நெசவுன்னு முடிவு பண்ண முடியும்.

மேக்கால பாத்த ஜன்னலுக்கு பட்டு கேக்காதீங்க, வெயில்ல இத்துப்போயிரும். ஆசையா இருந்தா பின்னாடி லைனிங் குடுத்து தைங்க, இல்லேன்னா பாலியஸ்டர் நல்லாவே தாங்கும்.

சோபாவுக்கு சாட்டின் எடுக்கறவங்களத்தான் நான் ரொம்ப தடுக்கறது. அதுல நூலு நாலஞ்சு இழைக்கு மேல தாவித்தாவிப் போறதாலதான் அந்த மினுமினுப்பே வருது, ஆனா அதே நூலுதான் வளையல்லயும் கொலுசுலயும் மாட்டி இழுத்துக்கும். தெனமும் உக்கார்ற சோபாவுக்கு இறுக்கமா நெய்த துணி வேணும், ட்வில்லோ (ஜீன்ஸ் மாதிரி சாய்வா கோடு விழற நெசவு) சாதா நெசவோ. சாம்பிள் அட்டைக்குப் பின்னாடி மார்ட்டின்டேல்னு ஒரு நம்பர் போட்டிருந்தா பாருங்க, தேய்மானம் எவ்ளோ தாங்கும்னு அது. வீட்டு சோபாவுக்கு அந்த நம்பர் 20,000 இருந்தா தாராளம். வெல்வெட்டா இருந்தா எல்லா பிட்டும் முடி ஒரே பக்கமா சாயற மாதிரி வெட்டணும், மாத்தி வெட்டினா ஒரே துணி ரெண்டு கலரா தெரியும், அதனால துணி கொஞ்சம் கூடவே ஆகும், டெய்லர் ஏமாத்தறார்னு நெனச்சுக்காதீங்க.

பவானி ஜமக்காளத்த ஸ்க்ரீனா போடலாமான்னு கேக்கறாங்க. குறுக்கால போற ஊடை நூலு, நீளவாக்குல இருக்கற பாவு நூலையே மூடிடற நெசவுங்க அது, வெறப்பா நிக்குமே தவிர மடிப்பு விழாது. திவான் மேல போடுங்க, அம்சமா இருக்கும்.

அளவுக்கு வர்றேன். ஸ்க்ரீன் மாட்டற கம்பி நாலரை அடின்னா துணி அகலம் அதுல ரெண்டு மடங்கு வேணும், அப்பதான் சுருக்கம் அழகா வரும். 54 இன்ச் அகலத் துணின்னா ரெண்டு பிட்டு. பெரிய பூ டிசைன்னா பூவுக்குப் பூ சேரணும், பிட்டுக்கு இன்னும் கொஞ்சம் சேத்து எடுங்க. காட்டன் சுருங்கும், தண்ணில நனைச்சு காயவச்சிட்டே தைக்கக் குடுங்க.

ஜன்னல் அளவில்ல, கம்பி அளவு எடுத்துட்டு வாங்க. சாம்பிள் வீட்டுக்கே குடுத்தனுப்பறோம், பகல்ல ஒரு தடவ, ராத்திரி லைட்டப் போட்டு ஒரு தடவ பாத்துட்டு சொல்லுங்க. ஞாயித்துக்கெழம மதியம் வரைக்குந்தான் கடை.