கஜானா காலியானால்தான் பையன்களுக்கு வாய்ப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்காட்லாந்து ஆண்கள் கால்பந்து அணி 1998க்குப் பிறகு முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2025 நவம்பர் 18 அன்று இங்குள்ள ஹாம்ப்டன் பார்க் மைதானத்தில் டென்மார்க்கை 4-2 என்று வீழ்த்திய இரவில் கிளாஸ்கோ தூங்கவே இல்லை. இங்கே குடியிருக்கிறவன் என்ற முறையில் அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால், ஸ்காட்லாந்தில் உள்ளூர்த் திறமைக்கு மறுபடி நல்ல காலம் பிறந்துவிட்டது என்று கட்டுரை முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த இரவின் அணியையே எடுத்துக்கொள்வோம். பைசைக்கிள் கிக்கில் முதல் கோல் அடித்த ஸ்காட் மெக்டோமினே இங்கிலாந்தின் லங்காஸ்டரில் பிறந்தவர். சிறு வயதிலிருந்தே அவரை வளர்த்தது மான்செஸ்டர் யுனைடெட் அகாடமி. கோல் கம்பத்துக்கு முன்னால் நின்ற கிரெய்க் கார்டனுக்கு வயது 42. அவர் இடத்தில் வழக்கமாக நிற்கும் ஆங்கஸ் கன் பிறந்தது நாரிச்சில். முன்வரிசைக்கு அழைக்கப்படுகிறவர்களில் சே ஆடம்ஸ் லெஸ்டர்க்காரர், லிண்டன் டைக்ஸ் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். இவர்களெல்லாம் அசல் ஸ்காட்லாந்துக்காரர்கள் இல்லை என்று சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல, வந்து குடியேறிய நான் யார்? இவர்களுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்து ஆளாக்கியது யார் என்பதுதான் என் கேள்வி. 1983இல் அலெக்ஸ் ஃபெர்குசனின் அபர்தீன் அணி ரியல் மாட்ரிட்டை 2-1 என்று வென்று ‘கோப்பை வென்றோர் கோப்பை’யை (ஐரோப்பிய நாடுகளின் உள்நாட்டுக் கோப்பைகளை வென்ற அணிகளுக்கான போட்டி) தூக்கியதே, அதில் ஆடிய நீல் கூப்பர் பிறந்தது நம் டார்ஜிலிங்கில்! வளர்ந்ததும் ஆட்டம் கற்றதும் அபர்தீனில். அதனால் பிறந்த ஊர்ச் சண்டை எனக்கு வேண்டாம்.

1967இல் லிஸ்பனில் இன்டர் மிலனை வென்று ஐரோப்பியக் கோப்பையை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) கொண்டுவந்த, கிளாஸ்கோவின் செல்டிக் அணியில் ஆடிய பதினொரு பேரும் கிளாஸ்கோவைச் சுற்றி 30 மைலுக்குள் பிறந்தவர்கள். 1972இல் பார்சிலோனாவில் டைனமோ மாஸ்கோவை வீழ்த்தி அந்தக் ‘கோப்பை வென்றோர் கோப்பை’யைப் பெற்ற, கிளாஸ்கோவின் இன்னொரு பெரிய கிளப்பான ரேஞ்சர்ஸ் அணியும் முழுக்க ஸ்காட்லாந்து அணிதான். அதே செல்டிக் 2003இல் செவில் நகரில் யூஈஎஃப்ஏ கோப்பை (ஐரோப்பாவின் இரண்டாம் நிலை கிளப் போட்டி) இறுதி ஆட்டத்தைத் தொடங்கியபோது அணியில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் ராப் டக்ளஸ், பால் லாம்பர்ட் என்ற இரண்டே பேர்.

இதற்கு இங்கே எல்லோரும் சொல்லும் காரணங்கள் உங்கள் கட்டுரையிலும் இருந்தன: தெருவில் பந்தாட்டம் போய்விட்டது, வீரர்களைத் தந்துகொண்டிருந்த சுரங்க ஊர்கள் அழிந்தன, 1980களின் நடுவில் ஆசிரியர்கள் போராட்டத்தோடு பள்ளிக் கால்பந்து படுத்துவிட்டது, 1986இல் கிரேம் சூனஸ் ரேஞ்சர்ஸுக்கு மேலாளராக வந்து இங்கிலாந்து வீரர்களை வாங்கிக் குவித்தார், 1995இல், ஐரோப்பிய ஒன்றிய வீரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் எந்த நாட்டு கிளப்புக்கும் தடையின்றிப் போகலாம் என்ற போஸ்மன் தீர்ப்பு மிச்சக் கதவையும் திறந்துவிட்டது. எதுவும் பொய்யில்லை. ஆனால் ஒன்று இடிக்கிறது. அந்த ஆசிரியர் போராட்டம் முடிந்த பிறகு, 1989இல், 16 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டி ஸ்காட்லாந்தில் நடந்தது. ஹாம்ப்டனில் நடந்த இறுதி ஆட்டத்துக்கு வந்தது ஸ்காட்லாந்துப் பையன்கள்தான். சவூதி அரேபியாவிடம் பெனால்டியில்தான் தோற்றார்கள். அந்தப் போட்டியின் சிறந்த வீரர் விருதும் ஸ்காட்லாந்து கோல்கீப்பர் ஜேம்ஸ் வில்லுக்குத்தான் கிடைத்தது. அப்புறம் அவர் ஆர்சனலுக்குப் போனார். முதல் அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆக, 16 வயது வரை எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. சிக்கல் அதற்குப் பிறகு.

என்னைக் கேட்டால், 17 முதல் 21 வரையான அந்த நான்கைந்து வருடம்தான் ஓட்டை. அந்த வயதில் பையனுக்குத் தேவை இன்னொரு பயிற்சி மையம் இல்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கு, டிக்கெட் வாங்கி வந்தவர்கள் திட்டிக்கொண்டிருக்க, 30 வயதுத் தடியர்கள் மேலே வந்து மோத, ஆட வேண்டும். தப்பு செய்தால் அடுத்த வாரமும் ஆட வேண்டும். ஸ்காட்லாந்து கிளப்கள் எப்போது அப்படி ஆடவிட்டன என்று பின்னோக்கிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. கையில் காசு இல்லாதபோதுதான் விட்டிருக்கிறார்கள்.

2013இல் ஹார்ட்ஸ் கிளப் திவாலாகி நிர்வாகியின் கைக்குப் போனது. 15 புள்ளி வெட்டு, புது வீரர் வாங்கத் தடை. வேறு வழியில்லாமல் பையன்களை இறக்கினார்கள். அந்த ஆண்டு கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்பட்டார்கள், உண்மைதான். ஆனால் அந்தப் பையன்களில் பலர் இருந்த அணி அடுத்த ஆண்டே அந்தப் பிரிவின் சாம்பியனாகித் திரும்பி வந்தது. கேலம் பேட்டர்சன் தேசிய அணிக்கும் போனார். அதே காலத்தில் பணமுடையில் இருந்த டண்டீ யுனைடெட் அணியில் ஜான் சூட்டர் 16 வயதில் களமிறங்கினார். ரயன் கால்டும் பதின்ம வயதிலேயே ஆடினார். ஆண்டி ராபர்ட்சனும் அங்கேதான் ஒரு பருவம் ஆடினார். அவரை 15 வயதில் செல்டிக் அகாடமி வேண்டாமென்று அனுப்பியது. சம்பளமே தராத குயின்ஸ் பார்க்கில், நான்காவது பிரிவில், வாரா வாரம் பெரியவர்களோடு ஆடித் தேறியவர் 2019இல் லிவர்பூலுக்காகச் சாம்பியன்ஸ் லீக் வென்றார். தேசிய அணி வீரர் ஜான் மெகினும், டென்மார்க்குக்கு எதிராக நடுக்கோட்டிலிருந்து நான்காவது கோல் அடித்த கென்னி மெக்லீனும் செயின்ட் மிரன் என்ற சின்ன கிளப்பின் முதல் அணியில் இளம் வயதிலேயே இடம் பிடித்தவர்கள். இப்படித் திரும்பத் திரும்ப நடப்பதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேலாளர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பன்னிரண்டே அணிகள் உள்ள லீக்கில் நான்கு தோல்வி வந்தால் வேலை போய்விடும். அப்படிப்பட்டவர் 18 வயதுப் பையனை இறக்கிப் பார்ப்பாரா, ஆறு மாத ஒப்பந்தத்தில் வெளியூர்க்காரர் ஒருவரை வரவழைப்பாரா? செல்டிக்குக்கும் ரேஞ்சர்ஸுக்கும் ஒவ்வொரு வாரமும் ஜெயித்தே ஆகவேண்டும். 2021இல் இரண்டு கிளப்களும் இளம் வீரர்கள் ஆடும் தங்கள் ‘பி’ அணிகளை லோலாண்ட் லீக்கில், அதாவது ஐந்தாம் நிலையில், சேர்த்தன. பகல் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்களோடு ஆடினால், ஐரோப்பியக் களத்துக்கு என்ன தயாரிப்பு கிடைக்கும்?

இதில் கெட்டிக்காரப் பையன்கள் காத்திருப்பதில்லை. பில்லி கில்மோர் 16 வயதில் ரேஞ்சர்ஸிலிருந்து செல்சிக்குப் போனார். பென் டோக் செல்டிக் முதல் அணியில் முகம் காட்டிய சில வாரங்களிலேயே லிவர்பூல் போனார். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இங்கிலாந்து கிளப்களால் 18 வயதுக்குட்பட்ட வெளிநாட்டுப் பையன்களை வாங்க முடியாது. எல்லையைத் தாண்டி வடக்கே வந்து ஸ்காட்லாந்துப் பையன்களை எடுத்தால் அந்தத் தடை கிடையாது. அப்புறம் சும்மா இருப்பார்களா?

ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2012இல் ஏழு பள்ளிகளைத் தேர்ந்தெடுத்துச் சிறப்புப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். டேவிட் டர்ன்புல், நேதன் பேட்டர்சன், கில்மோர் எல்லாம் அந்த வழியில் வந்தவர்கள். ஆனால் இதுவும் 16 வயதுவரைக்கான வேலை. ஆஸ்திரிய லீக்கில் ஒரு வழக்கம் இருக்கிறது: பொதுவில் பகிரும் பணத்தில் ஒரு பங்கை, உள்நாட்டு வீரர்களைக் களத்தில் இறக்கும் கிளப்களுக்குத் தருகிறார்கள். கட்டாய ஒதுக்கீடு இல்லை, வெளிநாட்டவருக்குத் தடையும் இல்லை. பையன் களத்தில் நின்றால் பணம், அவ்வளவுதான். ஸ்காட்லாந்தின் பன்னிரண்டு கிளப்களும் தங்கள் பரிசுப் பணத்தில் ஒரு பங்கை 21 வயதுக்குட்பட்ட உள்நாட்டு வீரர்கள் ஆடிய நிமிடங்களுக்கென்று ஒதுக்கட்டும். திவாலாகும் வரை காத்திருக்காமல், லாபக் கணக்குப் பார்த்தே பையன்களை இறக்குவார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்காட்டிஷ் லீக்கைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது புள்ளிப் பட்டியலோடு, எந்த அணி 21 வயதுக்குட்பட்ட உள்நாட்டுப் பையன்களை எத்தனை நிமிடம் ஆடவைத்தது என்ற கணக்கையும் போடுங்கள். திறமை வளர்கிறதா தேய்கிறதா என்பதை வாசகர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வாசகன்,
கிளாஸ்கோ