ஒட்டுண்ணி என்பது குடும்பப் பெயர் இல்லை, பிழைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் சுகாதாரப் பக்கத்தில் வந்த ஒட்டுண்ணிக் கட்டுரையைத் தேத்தண்ணியோடு உட்கார்ந்து வாசித்தேன். ஒட்டுண்ணிகள் இரண்டே வகை, உடலுக்கு உள்ளே இருப்பவை, வெளியே இருப்பவை என்று தொடங்கி, டெங்கையும் பேனையும் நாடாப்புழுவையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, கடைசியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சிக் குளிசை எடுத்தால் தொல்லையே இராது என்று முடித்திருந்தீர்கள். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது.

ஒட்டுண்ணி என்றால் ஏதோ ஒரு பூச்சிக் குடும்பம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இன்னொரு உயிரில் தங்கி, அதற்குக் கெடுதல் செய்து, அதிலேயே சாப்பிட்டு வாழும் பிழைப்புக்குத்தான் அந்தப் பெயர். மலேரியாக் கிருமிக்கும் மாமரத்தில் தொங்கும் குருவிச்சைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, தொழில் மட்டும் ஒன்று. அதனால் பிரிக்கிற விதமும் ஒன்றாக இருக்க முடியாது, எந்தக் கேள்வியைக் கேட்கிறோமோ அதற்கேற்ற மாதிரிப் பெட்டி மாறும்.

யார் இவர் என்று கேட்டால் மருத்துவர்கள் மூன்று கூட்டம் சொல்வார்கள்: ஒரு கலம் மட்டுமே உள்ள புரோட்டோசோவா; புழுக்கள்; பேன், உண்ணி போன்ற மூட்டுக்கால் கொண்ட ஆத்திரப்போடாக்கள். பூச்சிக் குளிசை நடுவில் உள்ள புழுக்களுக்கு. மலேரியாவுக்கு வேறு மருந்து, அமீபா வயிற்றுளைவுக்கு வேறு, பேனுக்கு வேறு. டெங்கு இந்த மூன்றிலும் இல்லை, அது வைரசு. வைரசும் கலத்துக்குள் புகுந்துதான் பிழைக்கிறது என்று யாராவது வாதாடலாம், சரி, ஆனாலும் ஒட்டுண்ணியியல் பாடத்தில் அதைச் சேர்ப்பதில்லை.

உள்ளே, வெளியே என்ற உங்கள் பிரிப்பும் பிழை இல்லை, அகவொட்டுண்ணி, புறவொட்டுண்ணி என்று நாங்களும் படிப்பித்ததுதான். ஆனால் சொறியை உண்டாக்கும் அந்த எட்டுக்கால் சிற்றுயிர் தோலின் மேற்படையைக் குடைந்து அதற்குள்ளேயே முட்டையிடுகிறதே, அது உள்ளேயா வெளியேயா? பேன் வாழ்நாள் முழுக்கத் தலையிலேயே கிடக்கும், பெண் நுளம்பு சில நிமிடம் குடித்துவிட்டுப் பறந்துவிடும். இரண்டும் வெளியேதான், ஆனால் ஒன்று நிரந்தரக் குடி, மற்றது வந்து போகிற ஆள். நாடாப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை, நம் குடலில் கரைந்திருக்கும் சாப்பாட்டை உடம்பாலேயே உறிஞ்சுகிறது. வளர்ந்த புழுவுக்கு வெளியே வாழ்வே கிடையாது, அது கட்டாய ஒட்டுண்ணி. சூடான நன்னீரில் தன்பாட்டில் வாழும் நெக்லேரியா என்ற அமீபாவோ, மூக்கு வழியாக மூளைக்குப் போனால் ஆளையே கொல்லும், போகாவிட்டாலும் அதற்கு ஒரு நட்டமும் இல்லை. இது அமையத்துக்கேற்ற ஒட்டுண்ணி.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி விருந்துவழங்கி, அதாவது ஒட்டுண்ணிக்கு இடமும் சாப்பாடும் கொடுக்கும் உயிர். (அழைக்காத விருந்துக்கு என்ன அழகான பெயர்!) ஒட்டுண்ணி எந்த உடலில் பாலியல் முறையில் இனம்பெருக்குகிறதோ அதுதான் முதன்மை விருந்துவழங்கி. மலேரியாவில் அது மனிதன் என்று பிள்ளைகள் வருடா வருடம் கொப்பியில் எழுதுவார்கள், நானும் சிவப்பால் வெட்டுவேன். அங்கே முதன்மை அனோபிலிசு நுளம்புதான், நாங்கள் வெறும் இடைத்தங்கல். யானைக்கால் நோயில் கதை தலைகீழ்: புழு வளர்ந்து குட்டி போடுவது எங்கள் நிணநீர்க் குழாயில், கானில் பெருகும் கியூலெக்சு நுளம்பு வெறும் இடைத்தரகர். உலக சுகாதார நிறுவனம் 2016இல் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது, இங்கேயே தொற்றிய கடைசி நோயாளி 2012இல். ஆனால் அனோபிலிசு எங்கேயும் போகவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் இரத்தத்தில் கொண்டுவந்தால் சங்கிலி மறுபடி பூட்டிக்கொள்ளும், ஆபிரிக்கா, இந்தியா போய்வந்து காய்ச்சல் என்றால் இரத்தம் பார்க்கச் சொல்வது அதற்குத்தான்.

அப்புறம் உங்கள் கட்டுரையில் செடிகளே இல்லை. குருவிச்சைக்குப் பச்சை இலை உண்டு, மாமரத்திடம் முக்கியமாகத் தண்ணீரும் கனியுப்பும் களவெடுக்கும், அது பகுதி ஒட்டுண்ணி. சாமியறையில் வைக்கிற சந்தனமும் அந்த ரகம்தான், பக்கத்து மரத்தின் வேரில் வாய் வைக்கும். மரத்தில் பூக்கும் ஓர்க்கிட்டை மட்டும் தயவுசெய்து ஒட்டுண்ணி என்று எழுதாதீர்கள், அது மேலொட்டி, குடியிருப்பு மட்டும்தான், சாப்பாடு சொந்தக் கைச்சமையல்.

சித்திரை வருகிறது என்று கூவும் குயில் காகத்தின் கூட்டில் முட்டை வைத்து, தன் பிள்ளையை அதைக்கொண்டே வளர்ப்பிக்கிறது, அதுவும் ஒட்டுண்ணி வகைதான். இன்னொரு கூட்டம் ஒட்டுண்ணிக் குளவிகள்: வேறு பூச்சிகளின் புழுவில் முட்டையிடும், பொரித்து வரும் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று கடைசியில் கொன்றேவிடும். 1970களின் தொடக்கத்தில் தென்னோலையைச் சுரண்டிய வண்டை அடக்க வெளியிலிருந்து கொண்டுவந்ததும் அப்படி ஒரு குளவியைத்தான், ஆகவே எல்லா ஒட்டுண்ணியும் எதிரி என்ற உங்கள் தலைப்பும் கொஞ்சம் இடிக்கிறது.

அடுத்த ஞாயிறு டெங்கு வைரசு நோய் என்று ஒரு வரித் திருத்தமாவது போடுங்கள். இடம் இருந்தால் அந்தக் குளிசை வரியையும் திருத்துங்கள், கீழ்வீட்டு அம்மா அதை வெட்டிப் பிரிஜ்ஜில் ஒட்டிவைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு