வளவைத் திறந்து வையுங்கள்: எங்கள் வீட்டுப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெரியப்பா, சித்தப்பாமார், அண்ணன் தம்பிகள், அண்ணமிண்டிமார் எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டு விஷயத்தை ஏன் ஊரறிய எழுதுகிறாள் என்று சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதியதெல்லாம் கட்டைவிரல் படத்தோடு நின்றுபோயிற்று. தவிர, இது நம் வீட்டுப் பேச்சு மட்டுமும் இல்லை. காரைக்குடியைச் சுற்றி எழுபதுக்கு மேற்பட்ட செட்டிநாட்டு ஊர்களில் பூட்டிக் கிடக்கும் நகரத்தார் வீடுகளின் பங்காளிகள் இதையேதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

வருகிற படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாட்டுக்கு) கூடும்போது வீட்டை என்ன செய்வது என்று முடிவெடுக்கப் போகிறீர்களாம். இரண்டு பேர் விலை பேசியிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். ஒருவர் தூண், கதவு, உத்தரம், கல் எல்லாவற்றையும் பிரித்து எடுத்துக்கொண்டு மனையைக் காலியாகத் தருவார். இன்னொருவர் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து விடுதி நடத்துவார். நான் வேறு ஒன்று கேட்கிறேன். வீட்டின் முன்பகுதியான முகப்பையும், நடுமுற்றம் உள்ள வளவையும், கல்யாணக் கொட்டகையையும் ஊருக்குப் பொது இடமாகத் திறந்துவிடுவோம். சாமி வீடும், புள்ளிகளின் (கல்யாணம் ஆன ஒவ்வொரு குடும்பத்தின்) அறைகளும், வளவுக்கு அடுத்த இரண்டாங்கட்டும், அதற்குப் பின்னால் இருப்பதும் நம்மிடமே இருக்கட்டும்.

பிரித்து விற்பதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சாமான் கடைகளுக்குள் ஒரு தடவை போய் வாருங்கள், போதும். ஜரிகைத் தலைப்பாகை கட்டிய ஐயாக்களின் படங்கள் சுவரோரம் அடுக்கி வைத்திருப்பார்கள். யார் வீட்டு ஐயா என்று கடைக்காரருக்கும் தெரியாது. தேக்குச் சட்டத்துக்குத்தான் விலை, படம் இனாம். முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் நம் பக்கத்து வீடு ஒன்றைப் பிரித்துக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறது. பிரிக்கிற எல்லா வீட்டுக்கும் அந்தக் கொடுப்பினை வாய்க்காது.

இன்னொன்று, பாகப்பிரிவினை ஆகாமல் வீடு இன்றுவரை பொதுவில் இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்கு அப்புறம் பெண் பிள்ளைகளுக்கும் இதில் சம உரிமை உண்டு. திருத்தம் வந்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கோர்ட் படி ஏற எனக்கு ஆசை இல்லை. ஆனால் எங்கள் கையெழுத்து இல்லாமல் மொத்த வீட்டையும் கிரயம் செய்ய முடியாது என்பதை விலை பேசியவர்களிடம் யாராவது சொல்லிவைப்பது நல்லது. தன் பங்கை மட்டும் தனியாக விற்கலாம் என்று நினைக்கிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை: பிரிவினை ஆகாத குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள் நம்மோடு கூடக் குடியிருக்க உரிமை கேட்க முடியாது. பங்கைப் பிரித்துத் தரச் சொல்லி அவர் வழக்குப் போட்டால், நம்மில் ஒருவர் அதை மதிப்புப் போட்டு வாங்கிக்கொள்ள 1893ஆம் ஆண்டுப் பிரிவினைச் சட்டமே இடம் கொடுக்கிறது. இதெல்லாம் தெரிந்தவர் நல்ல விலை கொடுக்க மாட்டார்.

விடுதி யோசனையை அப்படித் தள்ளிவிட முடியாது. கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் விடுதி ஆன வீடுகள் இன்று ஓடு நழுவாமல் நிற்கின்றன. சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனாருக்கும் ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் சாயம் ஊற்றித் தரைக் கல் வார்ப்பவர்களுக்கும் அங்கிருந்து வேலை வருகிறது. ஆனால் நம் ஊரில் அது நடந்தால், நம் திண்ணையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மழைக்கு ஒதுங்க முடியாது. வாசலில் சீருடை போட்ட காவலாளி நிற்பார். அண்டை வீட்டு ஆச்சி வளவைப் பார்க்க வேண்டுமென்றால் காப்பிக்குக் காசு கொடுத்துத்தான் உள்ளே வர வேண்டும்.

பழங்காலத்தில் மட்டும் எல்லோரும் உள்ளே வந்தார்களா என்று கேட்பீர்கள். இல்லை. அதையும் பூசி மெழுகாமல் பேசிவிடலாம். வேலைக்கு வந்தவர்களில் யார் திண்ணையோடு நிற்க வேண்டும், யார் பின்கட்டு வாசல் வழியாக மட்டும் வர வேண்டும் என்று ஒரு கணக்கு இருந்தது. அடுத்த தெருவரை நீண்டு கிடக்கும் மனையில் பின்வாசல் அந்தத் தெருவில் திறப்பது அதற்கும் வசதியாக இருந்தது. இந்த வீட்டுக்குக் கல் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வளவுக்குள் கால் வைத்ததில்லை. பணம் வந்த வழியும் நமக்குத் தெரியும், பர்மாவின் ஐராவதி டெல்டாவில் நம்மவரிடம் கடன் வாங்கி நெல் விதைத்தவன் கட்டிய வட்டி. 1942இல் ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் நுழைந்ததும் அந்த வழி அடைபட்டது. கட்டி முடித்த தலைமுறை போனபின் வீடு நமக்குச் சுமையாகிவிட்டது. திறப்பதென்றால் சாதி பார்க்காமல், முன்வாசல் வழியாக, எல்லோருக்கும் திறக்க வேண்டும். பாதித் திறப்பு வேண்டாம்.

1927இல் காந்தி செட்டிநாட்டுக்கு வந்தபோது, வெளிநாட்டுத் தட்டுமுட்டுகள் அடைந்த மாளிகைகளைப் பார்த்து மூச்சு முட்டித்தான் போனார். இவற்றுக்குச் சாமான் போடும் ஒப்பந்தத்தைத் தன்னிடம் கொடுத்தால் பத்தில் ஒரு பங்கு செலவில் முடித்து, இடமும் காற்றும் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். நம் வீட்டுப் பெல்ஜியம் கண்ணாடிகளில் பாதி ஏற்கெனவே கைமாறிவிட்டன (யார் என்று நான் கேட்கவில்லை). ஆக, காந்தி கேட்ட இடமும் காற்றும் இப்போது தாராளமாக இருக்கின்றன.

இனி கூரை. வீடு அங்கிருந்துதான் சாகிறது. குரங்கு ஒரு ஓட்டை நகர்த்தும், ஐப்பசி மழை அதன் வழியாக இறங்கும், கைமரம் ஊறும், அப்புறம் மச்சு, அப்புறம் சுவர். பர்மாத் தேக்கை எவ்வளவுதான் மெச்சினாலும் வருஷக்கணக்கில் நனைந்தால் அதுவும் மக்கத்தான் செய்யும். முன்பெல்லாம் ஆட்கள் ஏறி ஓடு மாற்றுவார்கள். இப்போது யார் காசு கொடுப்பது என்ற பேச்சிலேயே மழைக்காலம் வந்துவிடுகிறது. போன தடவை வளவின் வடக்குப் பத்தியில் (தாழ்வாரத்தில்) சுவர் விரிந்த இடத்தைச் சிமெண்ட் வைத்துப் பூசினோம், ஞாபகம் இருக்கிறதா? சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். இப்போது அந்த இடம் முழுக்க உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது. முட்டை வெள்ளைக் கருவும் கடுக்காயும் சேர்த்து நம் முன்னோர் தேய்த்த பூச்சு பக்கத்திலேயே இன்னும் பளபளக்கிறது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014இலேயே செட்டிநாட்டு ஊர்களின் பெயர் ஏறிவிட்டது. அதனால் நம் கூரையில் ஒரு ஓடும் மாறவில்லை.

பணத்துக்கு வழி நம்மிடமே இருக்கிறது. கோயிலுக்குப் புள்ளிவரி கட்டுகிறோம். கல்யாணம் ஆனால் ஒரு புள்ளி, அதற்கு இவ்வளவு என்று யாரும் வாய்ச்சண்டை இல்லாமல் காலங்காலமாகக் கொடுத்து வருகிறோம். வீட்டுக்கும் அப்படி ஒரு வரி போடுங்கள், நியூஜெர்சியில் இருப்பவருக்கும் பள்ளத்தூரில் இருப்பவருக்கும் ஒரே தொகை. பெண் பிள்ளைகளையும் அதில் சேருங்கள். கோயில் புள்ளி எனக்குப் புகுந்த வீட்டுக் கோயிலில்தான், அதில் தகராறு இல்லை. வீட்டுக்கு மட்டும் நாங்களும் கொடுக்கிறோம், கூட்டத்தில் நாங்களும் பேசுகிறோம். சினிமாக்காரர்கள் படப்பிடிப்புக்குக் கேட்டால் வாடகை வாங்கிக் கூரைக் கணக்கில் போடலாம். ஒரே கூரையின் கீழ் ஒவ்வொரு மகனுக்கும் வேறு வைத்து, அதாவது தனிக் குடித்தனம் வைத்து, அடுப்பைப் பிரித்தாலும் வீட்டைப் பிரிக்காமல் நடத்திக் காட்டிய குடும்பம் இது. நிர்வாகம் நமக்குப் புதிதில்லை.

ஊரார் வந்து என்ன செய்வார்கள்? மகளிர் குழு இப்போது வேப்பமரத்தடியில் கூடுகிறது, மழை வந்தால் கூட்டம் கலைகிறது. அவர்களுக்கு முகப்பு போதும். சாயங்காலம் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க வளவின் பத்தியைவிடக் குளுமையான இடம் நம் ஊரில் இல்லை. மண்டப வாடகை கட்ட முடியாதவர்கள் கல்யாணக் கொட்டகையில் கல்யாணம் வைக்கட்டும், நம் அண்டாக்களும் அடுக்குகளும் பரணில் சும்மாதானே கிடக்கின்றன. பனையோலைக் கொட்டான் (கூடை) பின்னத் தெரிந்த ஆச்சிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள், சொல்லிக்கொடுக்க இடம்தான் இல்லை. பிள்ளையார் நோன்புக்கு ஊரில் இருக்கும் நாலைந்து புள்ளிகளும் தனித்தனியாக வீட்டில் இழை (நூல்திரி ஏற்றிய மாவு) எடுத்துக்கொள்வதற்குப் பதில் இங்கே ஒன்றாகக் கூடலாம். வளவில் விழும் மழைத் தண்ணீர் ஊருணிக்குப் போகும் கால்வாயைத் தூர் வாரினால் அதுவும் ஊருக்கு உபயோகம்.

மேல்மாடித் தகரப் பெட்டிகளை மட்டும் யாரும் தொட வேண்டாம். ரங்கூன் பேரேடுகள், கடிதங்கள், மொய்க் கணக்கு, கல்யாணப் பத்திரிகைகள் அதற்குள் இருக்கின்றன. குப்பை என்று எடைக்குப் போட நினைப்பவர்கள் கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தோடு நோட்டீசு, அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையும் தன் வீட்டில் சேர்த்து வைத்தவர் அவர். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கி, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஆக்கியது. தமிழ் அச்சு வரலாறு பற்றி எழுதுகிறவர்கள் இன்று அங்கேதான் போகிறார்கள். சேகரிப்பு பிழைத்தது, கோட்டையூருக்கு அது இல்லாமல் போனது. நம் பெட்டிகள் நம் ஊரிலேயே இருக்கட்டும்.

நீங்கள் பயப்படுவது எனக்குத் தெரியாமல் இல்லை: ஆக்கிரமித்துவிடுவார்கள், கட்சிக் கொடி நட்டுவிடுவார்கள், சாமான் காணாமல் போகும். நியாயமான பயம்தான். அதனால்தான் வாடகைக்கோ குத்தகைக்கோ விடச் சொல்லவில்லை. அறக்கட்டளைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வோம். பகலில் அனுமதியோடு உபயோகம், இரவில் பூட்டு, சாவி நம் பொறுப்பாளரிடம். நிர்வாகிகளில் மூன்றில் ஒருவராவது ஊரில் குடியிருப்பவராக இருக்க வேண்டும், அவர் பங்காளியாக இருக்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி வரிக்குத்தான் சண்டை வரும் என்று நினைக்கிறேன். நான் அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை. வருஷத்தில் மூன்று நாள் வந்து போகிற நாம் மட்டும் ஆளும் பொது இடம் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

படைப்புக்கு வரும்போது மூன்று காரியம் செய்யுங்கள். வர முடியாதவர்கள் சம்மதத்தையோ மறுப்பையோ எழுத்தில் அனுப்புங்கள், கட்டைவிரல் படம் வேண்டாம். விலை பேசிய இருவரிடமும் யாரும் முன்பணம் வாங்க வேண்டாம், வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். அப்புறம், இரண்டாங்கட்டுச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் மறக்காமல் கொண்டு வாருங்கள். மேல்கூரையை உள்ளிருந்து பார்த்தால்தான் மதிப்பீடு சொல்ல முடியும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
இந்த வீட்டில் பிறந்த பெண்