கதை கேட்காமல், என்ன வேலை இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு நன்றி

அன்புத் தோழிகளே, நண்பர்களே,

விவாகரத்துக் கையெழுத்தெல்லாம் முடிந்து, வீடு ஓரளவு தடத்துக்கு வந்துவிட்டது. இப்போதுதான் அழாமல் நன்றி சொல்ல முடிகிறது.

தம்பதியாக இருந்தபோது கிடைத்த நட்புகளில் பல, நான் தனியானதும் மெல்ல விலகின. சண்டை எதுவும் இல்லை. ஜோடி ஜோடியாகக் கூடும் இடங்களுக்கு அழைப்பு வருவது நின்றது, அவ்வளவுதான். இருவரில் யாரைக் கூப்பிடுவது என்ற சங்கடம் சிலருக்கு இருந்திருக்கும். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் ரொம்ப வலித்தது.

1967-ல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் வாழ்க்கையின் நெருக்கடிகளுக்கு மதிப்பெண் போட்டு ஓர் அளவுகோல் தயாரித்தார்கள். வாழ்க்கைத்துணையின் மரணத்துக்கு 100. அடுத்த இடம் விவாகரத்துக்கு, 73. மரணம் நடந்த வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்: வருவார்கள், கூட உட்காருவார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள். விவாகரத்தான வீட்டில் ஆறுதல் சொல்வதா, "விட்டது தொல்லை" என்பதா என்று தெரியாமலே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். உங்களுக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் வந்தீர்கள்.

வந்ததும் "என்னதான் நடந்தது?" என்று கேட்கவில்லை. "இன்னைக்கு யார் பிள்ளைகளைக் கூட்டிட்டு வரணும்?" என்று கேட்டீர்கள். பள்ளிப் படிவத்தில், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய இரண்டாவது ஆள் என்ற இடத்தில் பேனா நின்றபோது, "என் நம்பரைப் போடு" என்றாயே, நீ என் மகனின் வகுப்புத் தோழனுடைய அம்மா மட்டும்தான் அதுவரை. பிள்ளைகள் அப்பாவிடம் போகும் சனி, ஞாயிறுகளில் வீட்டில் இருக்கவே முடியாது எனக்கு. அந்த நாட்களில் சும்மா வந்து உட்கார்ந்திருந்தவர்களே, உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! எனக்கு முன்பே இந்த வழியில் வந்த அக்கா, "பிள்ளைங்க காதுபட வக்கீல்கிட்ட போன்ல பேசாதே" என்று நீங்கள் சொன்னதை இன்றுவரை கடைப்பிடிக்கிறேன்.

தனியாக ஒருவருக்குச் சொல்ல வேண்டும். எனக்கும் பிள்ளைகளின் அப்பாவுக்கும் பொதுவான நண்பர் நீங்கள். கடைசிவரை பொதுவாகவே இருந்தீர்கள். அங்கே பேசியது இங்கே வரவில்லை, இங்கே நான் அழுதது அங்கே போகவில்லை. ஒரு பக்கம் சாய்ந்துவிடுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். உங்களால் என் பிள்ளைகளுக்கு இரண்டு வீட்டிலும் அதே மாமா கிடைத்தார். உங்கள் முன்னால் அவர்கள் அப்பாவைப் பற்றிப் பேசும்போது யார் முகத்தையும் பார்த்துவிட்டுப் பேச வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு நாங்கள் இருவரும் ஒரே அறையில் நிற்க முடிந்ததும் நீங்கள் நடுவில் நின்றதால்தான். என் பக்கம் மட்டும் நின்றிருந்தால்கூட இவ்வளவு உதவி கிடைத்திருக்காது.

அப்புறம், என் நம்பரைப் போடு என்றவளே: அடுத்த மாதம் உன் அறுவைச் சிகிச்சையின்போது உன் மகன் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். அவனுக்குப் படுக்கை தயார். பள்ளியில் விடுவதும் கூட்டி வருவதும் என் பொறுப்பு. மறுப்புச் சொல்லாதே.

அன்புடன்,
உங்கள் தோழி