பச்சை உடம்புக்காரிக்கு

கண்ணம்மா,

நேற்று போனில் நீ அழுததை அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ராத்திரியே பஸ் ஏறிவிடுவார். எனக்கு மட்டும் இந்த முழங்கால் ஆபரேஷன் இல்லையென்றால், இந்நேரம் உன் அடுக்களையில் பூண்டு உரித்துக்கொண்டிருப்பேன்.

"ரெண்டாவது பிள்ளை, வலி தெரியாது" என்று சொன்னவள் நான்தான். பெறுகிற வலியை நினைத்துச் சொன்னேன். பெற்ற பிறகு வருவதை மறந்தே போனேன். உன் தம்பி வாய் வைத்ததுமே அடிவயிறு சுருட்டிப் பிடிக்கும். பிள்ளை பால் குடிக்கும்போது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து கர்ப்பப்பையைச் சுருக்குகிறது. ரத்தப்போக்கு அடங்குவதும் அதனால்தான். முதல் பிள்ளையைவிட இரண்டாவதுக்கு இது கூடத்தான் வலிக்கும். சில நாளில் அடங்கிவிடும். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு பால் கொடுக்க உட்காராதே, வலி கூடும்.

டாக்டர் எழுதித் தந்த பாராசிட்டமாலை ஏன் போடாமல் வைத்திருக்கிறாய்? பாலில் போவது மிகக் கொஞ்சம். பால் கொடுக்கிறவர்களுக்கும் அதைத்தான் தருகிறார்கள். சீட்டில் உள்ள கணக்கைத் தாண்டாதே, அவ்வளவுதான்.

அப்புறம் தையல். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்து, தேய்க்காமல் ஒற்றி எடு. வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம் என்று நர்ஸ் சொன்னால் வைத்துக்கொள். ஆச்சி இருந்திருந்தால் "பச்சை உடம்புக்கு ஐஸா? ஜன்னி வரும்!" என்று ஊரைக் கூட்டியிருப்பாள். எனக்கு நாளுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான் கொடுத்தாள், குடித்தால் வயிறு பெருக்குமாம். நாலாம் நாள் மலம் இறுகி, தையல் பிரிந்துவிடுமோ என்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிரசவம்கூட மங்கிவிட்டது, அந்தக் காலைநேரம் மறக்கவில்லை. நீ தாகத்துக்குத் தண்ணீர் குடி. கீரை, பழம் எல்லாம் சாப்பிடு. பத்தியம் என்று யாராவது தடுத்தால் என்னிடம் பேசச் சொல்.

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, காய்ச்சல் 100.4 தொட்டாலோ, ஒரு கால் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தாலோ, தலைவலி மண்டையைப் பிளந்தாலோ, எனக்குப் போன் பண்ணிக்கொண்டிருக்காதே. நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.

லேகியம் அனுப்பவில்லை. உன் டாக்டர் சரி என்றால் கிளறி அனுப்புகிறேன். மாப்பிள்ளையை சாயங்காலம் வீடியோவில் வரச் சொல், பூண்டுக் குழம்பு வைக்கச் சொல்லித் தருகிறேன். நல்லெண்ணெய் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.

அம்மா