தவளைக்கு ஸ்டென்ட் வெச்சது நான்தான்

டேய் சிவா,

எட்டு மாசமா பதில் போடலை, திட்டணும்னா இப்பவே திட்டி முடிச்சிட்டு அப்புறம் படி. பொண்ணுக்கு வேலை கிடைச்சதுல ரொம்ப சந்தோஷம். உன் முட்டி வலிக்கு நான் டாக்டர் இல்ல, எத்தனை தடவ சொல்றது. இங்க எல்லாரும் சௌக்கியம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். போன செவ்வாய்க்கிழமை ராத்திரி ரெண்டே காலுக்கு போன். ஆம்பளை, 54 வயசு, நெஞ்சுவலி ஆரம்பிச்சு ஒன்றரை மணி நேரம் ஆச்சு, ஈசிஜில எஸ்டி ஏறியிருக்கு, கேத் லேப் ரெடி பண்ணிட்டோம் சார்னு. எஸ்டிங்கிற கோடு ஏறினா அனேகமா இதயக் குழாய் அடைச்சிருக்குன்னு அர்த்தம், கேத் லேப் அந்த அடைப்பை எடுக்கிற ரூம். தூக்கக் கலக்கத்துல பேரைக் கூட கேக்கல. போய் கை கழுவி கவுன் மாட்டிட்டு டேபிள் பக்கத்துல வந்து நின்னா படுத்திருக்கிறது நம்ம கிளாஸ் தவளைடா. மூஞ்செல்லாம் வேர்த்து வெளுத்துப் போயி, அந்த நிலைமைலயும் என்னைப் பாத்து "மாப்ள, பரீட்சை ஹால்ல காட்டாததை இங்கயாவது காட்டு"ங்கிறான். நர்ஸுக்கு ஒண்ணும் புரியல.

எல்ஏடின்னு இதயத்தோட முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டு போற பெரிய குழாய், அது முழுசா அடைச்சிருந்தது. மணிக்கட்டு வழியா போயி, ஒயரை விட்டு, பலூனை ஊதி, குழாய் மறுபடி மூடாம இருக்க ஸ்டென்ட்னு ஒரு சின்ன வலைக்குழாய் வெச்சு, நாப்பது நிமிஷம். ரத்தம் ஓட ஆரம்பிச்சதும் வலி குறைஞ்சது, ஈசிஜில ஏறினது இறங்குச்சு, அவன் கண்ணை மூடிட்டு கொக்கி சார் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டான். நான் திரும்பி நின்னு மாஸ்க்குக்குள்ள அழுதேன், அதை நீ யார்கிட்டயும் சொல்லக்கூடாது.

காலைல ரவுண்ட்ஸ் போனா உக்காந்திருக்கான். "அடைப்பை எடுத்துட்டேல்ல, அப்ப கணக்கு முடிஞ்சது. ஒரே ஒரு சிகரெட் மட்டும்..." நான் சிரிச்சேன்டா, பழக்க தோஷம். அவன் பொண்டாட்டி ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு சாமி மாதிரி வந்தீங்கன்னு சொன்னப்பதான் எனக்கு கூசிப் போச்சு.

ஏன்னு உனக்கே தெரியும். ஆறு வருஷம் முன்னாடி ரெட்டைமண்டை பொண்ணு கல்யாணத்துல நாம மூணு பேரும் கடைசி வரிசைல உக்காந்திருந்தோமே. ஆபீஸ் கேம்ப்ல பிபி 160-க்கு 100 காட்டுச்சாம், மாத்திரை ஆரம்பிச்சா சாகுற வரைக்கும் போடணுமாம், அதனால ஆரம்பிக்கவே இல்லன்னு பெருமையா சொன்னான். நான் என்ன சொன்னேன்? "கல்யாண வீட்ல என்னைய டாக்டர் ஆக்காதடா." நீயும் சிரிச்ச. அவங்கப்பா 49 வயசுல போனது தெரியாதவனா நான்? காலேஜ் ரெண்டாம் வருஷம், நாம எல்லாரும்தானே போயி நின்னோம். அப்பாவுக்கு சின்ன வயசுல ஹார்ட் அட்டாக், கையில சிகரெட், ஏறின பிபி, இந்த மூணும் என் கண்ணு முன்னாடி இருந்தும் நான் ஜோக் அடிச்சிட்டு எழுந்து வந்துட்டேன். ஆறு வருஷம் சும்மா இருந்துட்டு நாப்பது நிமிஷம் வேலை பாத்திருக்கேன், அதுக்கு சாமின்னு பட்டம் வேற.

நீ என்னை குழாய் ரிப்பேர்காரன்னு கூப்பிடுவ, நானும் கோச்சுக்கிட்டதில்ல, ஏன்னா நான் இந்தப் பக்கம் வந்ததே அந்த கைவேலை மேல இருந்த மோகத்துலதான். க்ரூன்ட்ஸிக்னு ஒரு ஆள், வீட்டு சமையலறை மேஜைல உக்காந்து பலூன் செஞ்சு செஞ்சு பாத்து, 1977-ல ஜூரிக்ல முழிச்சிட்டிருந்த ஒரு மனுஷனோட இதயக் குழாய்க்குள்ள அதை ஊதிக் காமிச்சார். அதைப் படிச்ச ராத்திரி எனக்கு தூக்கமே வரல. இருபத்தி நாலு வருஷமா அதே கிறுக்குதான்.

தவளை மாதிரி திடீர்னு முழுசா அடைச்சு வர்றவனுக்கு ஸ்டென்ட் உயிரைக் காப்பாத்தும், அதுல எனக்கு துளி சந்தேகம் கிடையாது. ஆனா மாடி ஏறினா மட்டும் வலிக்குது, மாசக்கணக்கா அப்படியேதான் இருக்குதுன்னு வர்றவங்க கதை வேற. 2007-ல கரேஜ்னு ஒரு ஆய்வு வந்துச்சு, 2287 பேர், பாதிப் பேருக்கு நல்ல மருந்தோட ஸ்டென்ட்டும், மீதிப் பேருக்கு மருந்து மட்டும். சாவுலயும் ஹார்ட் அட்டாக்லயும் ரெண்டு பக்கமும் வித்தியாசம் இல்ல, வலி குறையறதுல மட்டும் ஸ்டென்ட்டுக்கு கொஞ்சம் லாபம். படிச்சப்ப எரிச்சலா இருந்துச்சு, என் பிழைப்பையே கேள்வி கேட்ட மாதிரி. யோசிச்சா நியாயம்தான். நான் சரி பண்றது படத்துல தெரியுற ஒரு இடம். கொழுப்பு படிஞ்சு கிடக்கிறது குழாய் நெடுக. அதுல பாதி கூட அடைக்காத ஒரு திட்டு ஒருநாள் வெடிக்கும், மேல ரத்தம் உறையும், கொஞ்ச நேரத்துலயே குழாய் மூடிரலாம். போன மாசம் ட்ரெட்மில்ல நல்லா ஓடினாரேன்னு வீட்டுக்காரங்க அழுவாங்க.

பிபி வயசானா ஏறத்தான் செய்யும்னு நீ தத்துவம் பேசுவல்ல, அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டோட டாக்டரும் அப்படித்தான் வயசுக்கு இது சரின்னு சொல்லிக்கிட்டிருந்தார். 1945 ஏப்ரல்ல தலை வலிக்குதுன்னு சாஞ்ச ரூஸ்வெல்ட்டுக்கு பிபி 300-க்கு 190. மூளைல ரத்தக் கசிவு, வயசு 63. மூணு வருஷம் கழிச்சு அமெரிக்காவுல ஃப்ரேமிங்ஹாம்ங்கிற சின்ன ஊர்ல 5209 பேரை சேத்து, யாருக்கு நெஞ்சு வலி வருது யாருக்கு வரலைன்னு வருஷக்கணக்கா பாத்துக்கிட்டே இருந்தாங்க. பிபி, கொலஸ்ட்ரால், சிகரெட்னு இன்னிக்கு நாம வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறதுல பெரும்பகுதி அங்கேர்ந்து வந்ததுதான். அப்போ மாதிரி இல்லடா இப்போ, கட்டுப்படுத்த மாத்திரை இருக்கு, விலை கம்மி, பழசு, நல்லா வேலை செய்யுது. போட ஆளு இல்ல.

எங்க துறைல எனக்குப் பிடிச்ச பெருசு ஒருத்தர் உண்டு, பால் டட்லி வைட். அமெரிக்காவுல ஈசிஜி மெஷினே புதுசா இருந்த காலத்துல ஆரம்பிச்சவர். 1955-ல அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு ஹார்ட் அட்டாக் வந்தப்போ இவரைத்தான் கூப்பிட்டாங்க. பத்திரிகைக்காரங்க முன்னாடி உக்காந்து நோய்னா என்னன்னு பாடமே நடத்தினார், ஜனாதிபதி வெளிக்குப் போனாரா இல்லையாங்கிறது வரைக்கும் சொல்லிட்டார்! ரெட்டைமண்டை மட்டும் அங்க இருந்திருந்தா அடுத்த கேள்வியும் கேட்டிருப்பான். ஹார்ட் அட்டாக்னா வாரக்கணக்குல ஆடாம அசையாம படுக்கணும்னு இருந்த காலத்துல, எழுந்து நட, வேலைக்குப் போன்னு சொன்ன ஆளு. அடுத்த வருஷம் ஐசன்ஹோவர் எலக்‌ஷன்ல நின்னு ஜெயிச்சார். வைட் கிழவனானப்புறமும் சைக்கிள் மிதிச்சுக்கிட்டு ஊருக்கெல்லாம் மிதிக்கச் சொல்லிக்கிட்டிருந்தார். எனக்கு அவ்ளோ பெரிய மனசு இல்ல, ஆனா ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். அடுத்த மாசத்துலேர்ந்து திங்களும் வியாழனும் மத்தியானம் நான் ஆஞ்சியோ பண்ணப் போறதில்ல. என் டேபிள்ல படுத்தவங்களோட தம்பி, தங்கச்சி, புள்ளைங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சு பாக்கப் போறேன். பிபி, சர்க்கரை, கொலஸ்ட்ரால், அப்புறம் நிறைய பேச்சு. எங்க டிபார்ட்மென்ட்ல நக்கல் பண்றாங்க, நல்லா இருக்கிறவன் எவன் வருவான்னு. பாதி பேர் வரமாட்டான், தெரியும். தவளையோட ரெண்டு பசங்களும் வியாழக்கிழமை லிஸ்ட்ல முதல் பேர். பெரியவனுக்கு 27, அப்பா மாதிரியே ஊதுறான்.

தவளை நேத்து டிஸ்சார்ஜ். சிகரெட்டை நிறுத்தினா ஒரு வருஷத்துல ஆபத்து கிட்டத்தட்ட பாதியா குறையும்னு சொன்னேன், அப்ப மீதிப் பாதிக்கு என்ன பண்றதுங்கிறான். ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை ஒருநாள் கூட விடாத, விட்டா ஸ்டென்ட்டே அடைச்சுக்கலாம்னு மட்டும் கத்திச் சொல்லிட்டு வந்தேன், அதுக்கு பயந்திருக்கான்.

இப்ப உன் கதை. 54 வயசு, நாள் முழுக்க நாற்காலி, உங்க அண்ணனுக்கு பைபாஸ், கடைசியா பிபி எப்ப பாத்தன்னு உனக்கே ஞாபகம் இருக்காது. இந்த தடவ ஜோக் கிடையாது. ஒரு மெஷின் வாங்கு, மேல்கையில கட்டுறது, மணிக்கட்டுல கட்டுறது வேணாம். எடுக்குறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி காபி குடிக்காத. அஞ்சு நிமிஷம் முதுகு சாஞ்சு, காலைத் தரையில வெச்சு, கையை நெஞ்சு உயரத்துல மேஜை மேல வெச்சு உக்காரு, பேசாத, அதான் உனக்கு கஷ்டம். காலைல ரெண்டு தடவ, ராத்திரி ரெண்டு தடவ, ஏழு நாள். முதல் நாள் கணக்கை விட்டுடு, மீதியோட சராசரி 135-க்கு 85-ஐத் தாண்டினா எனக்கு போன் பண்ணு, எந்த நேரமானாலும். தாண்டலேன்னாலும் நம்பரை அனுப்பு. வட்டமா வர்ற நம்பர் எல்லாம் நீ இட்டுக்கட்டினதுன்னு எனக்குத் தெரியும், லேப் ரெக்கார்டு எழுதினவன்தானே நீ.

அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். வரலேன்னா திங்கக்கிழமை உன் பொண்ணுக்குப் போன் போடுவேன்.

உன்,
குழாய் ரிப்பேர்காரன்